கிழக்கு எந்தப் பக்கம்?

"வீட்டுக்குள்ள எதுக்குடா சுடுகாடு?" என்று அம்மா கேட்டார்.

"சுடுகாடு இல்லம்மா, கல்லறைத் தோட்டம்" என்று திருத்தினேன். திருத்தியதால் எனக்கு எந்த லாபமும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. சாப்பாட்டு மேசைமேல் ஒரு சதுர அடிப் பலகை. அதில் கட்டைவிரலின் முதல் கணு உயரத்துக்கு இருபது கல்லறைக் கற்கள், ஃபேன் காற்றில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஊறுகாய் ஜாடி.

மினியேச்சர் வார்கேமிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சின்னச் சின்னப் பொம்மை வீரர்களுக்கு நாமே வண்ணம் தீட்டி, மேசைமேல் நகர்த்தி, இன்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு. சதுரங்கம் போல இதற்குக் கட்டம் கிடையாது. சுவர், மரம், மேடு, பாழடைந்த வீடு என்று மேசைமேல் நாம் வைப்பதுதான் களம். அதற்கு டெரெய்ன் என்று பெயர். இந்தப் பொழுதுபோக்கில் பெரிய கை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப். அவர்கள் 1999இல் வெளியிட்ட மோர்டைம் என்ற ஆட்டம் இடிந்துபோன ஒரு நகரத்தில் நடப்பது. நானும் என் நண்பனும் இன்றும் ஆடுவது அதைத்தான். நடைபிணம், பிணந்தின்னி, ரத்தக்காட்டேரி என்று அத்தனை பேரும் அதில் உண்டு. அப்புறம் கல்லறைத் தோட்டம் இல்லாமல் எப்படி?

முதல் தடவை நான் செய்தது ஒரே பலகை, நாலடிக்கு நாலடி. அதை வைக்க வீட்டில் இடமில்லை என்பது செய்து முடித்த பிறகுதான் உறைத்தது. கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை, பரணுக்கு ஏறவில்லை. மாடுலராகச் செய்வது என்று முடிவெடுத்தது அழகுக்காக இல்லை, இடத்துக்காக. ஒரு சதுர அடிப் பலகைகள் ஒன்பது. மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் களம். ஆட்டம் முடிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டைப்பெட்டிக்குள்.

ஒன்பது பலகைகளை இடம் மாற்றி, ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் திருப்பி வைக்கலாம் என்றால் எத்தனை விதமான களம் கிடைக்கும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். 9,512 கோடிச் சொச்சம். ஒரே களத்தை நாலு பக்கமிருந்து பார்ப்பதை ஒன்றாகவே எண்ணினாலும் 2,378 கோடி. இரண்டு வருடத்தில் நாங்கள் ஆடியது ஐந்து விதம். மாடுலர் என்ற சொல்லுக்கு மயங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பலகை 3 மி.மீ. எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த தட்டு. மேலே ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, மணல் தூவினேன். ஆற்று மணலைவிட எம்-சாண்ட் நல்லது. உடைத்த கல் என்பதால் துகளுக்கு முனை இருக்கிறது, பிற்பாடு உலர்தூரிகை ஓட்டும்போது (வண்ணத்தை முக்கால்வாசி துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடுவது) வண்ணம் பிடிக்கிறது. டீ வடிகட்டியில் சலித்துக்கொண்டால் போதும். (தனி வடிகட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இதுவும் அனுபவம்.) மே மாதம். காலையில் பூசியது மாலைக்குள் காய்ந்து, ஆறு பலகையும் அப்பளம் போல மேல்நோக்கி வளைந்து கிடந்தன. காரணம் எளிது. ஈரம் பட்டதும் ஒரு பக்கத்து மரநார் உப்புகிறது. பிறகு பசை காயும்போது சுருங்கி அந்தப் பக்கத்தையே இழுக்கிறது. மறுபக்கத்தில் எதிர்த்து இழுக்க ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பூசியிருந்தால் சமன்பட்டிருக்கும். இப்போது முதலில் அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் மேல்பக்கத்தைத் தொடுகிறேன். மழைக்காலத்தில் எம்டிஎஃப் உப்புவதற்கும் இதுவே மருந்து.

கற்களைச் செதுக்க முதலில் தெர்மாக்கோல் எடுத்தேன். கத்தி பட்டதும் மணி மணியாக உதிர்ந்து வீடு முழுக்கப் பறந்தது, சாமி படத்தில்கூட ஒட்டியது. வேண்டியது அதன் ஒன்றுவிட்ட அண்ணன், எக்ஸ்பிஎஸ் என்கிற அட்டை. மொட்டை மாடிக்கு வெப்பத் தடுப்பாகப் போடுவது. கட்டுமான இடங்களில் துண்டுகள் மிஞ்சும், கேட்டால் தருவார்கள். இதில் மணி கிடையாது, வெண்ணெய் போல வெட்டுப்படும். பென்சிலால் கோடிழுத்தால் கல் அடுக்கு. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அதன்மேல் அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு. கல்லறைக் கல்லில் எழுத்து வெட்ட வேண்டாம். மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு நாலு கீறல் போதும், அவனே படித்துக்கொள்வான்.

முப்பது கல் செதுக்கி முடித்த மகிழ்ச்சியில் கறுப்பு ஸ்ப்ரே பெயின்டை எடுத்து அடித்தேன். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரினைத் தின்னும் என்பது எனக்குத் தெரியும். எங்கோ படித்திருக்கிறேன். ஆனாலும் அடித்தேன். பத்து நொடியில் கற்கள் தேனடை போல ஓட்டை ஓட்டையாகி உட்கார்ந்தன. ஃபெவிகாலும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்து தூரிகையால் பூசிய பிறகுதான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அப்போதும் ஓரிடம் விடாமல் மூடியிருக்க வேண்டும். உருகியதில் எட்டுக் கல்லை மட்டும் மிகப் பழைய கற்கள் என்று சொல்லி இன்னும் பயன்படுத்துகிறேன்.

சரி, அளவுக்கு வருகிறேன். இங்கேதான் பார்க்க அழகான பலகைகள் பல ஆடத் தகுதியற்றுப் போகின்றன.

எங்கள் பொம்மைகள் 28 மி.மீ. ரகம். தோராயமாக 56இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் உயரக் கல் 18 மி.மீ. வர வேண்டும். ஆனால் பொம்மை ஒரு வட்டத் தட்டின்மேல் நிற்கிறது, தட்டு அவனைச் சில மில்லிமீட்டர் உயர்த்திவிடுகிறது. கையும் தலையும் வேறு சற்றுப் பருமன். பக்கத்தில் 18 மி.மீ. கல் மைல்கல் மாதிரி தெரிகிறது. 25 வைத்தால் கண்ணுக்குச் சரி. வரிசைகளின் இடைவெளி இன்னும் பெரிய தொல்லை. நிஜத்தில் 1.2 மீட்டர் விட்டிருப்பார்கள் என்றால், அளவுப்படி 21 மி.மீ. பொம்மையின் தட்டோ 25 மி.மீ. அகலம். அதாவது அளவுக்குத் துல்லியமாகக் கட்டிய கல்லறைத் தோட்டத்துக்குள் எந்த வீரனும் நுழைய முடியாது! என் முதல் பலகை அப்படித்தான் இருந்தது. பொம்மைகள் கற்களின்மேல் சாய்ந்து, நடுச்சண்டையில் குடிகாரர்கள் போல விழுந்தன. இப்போது வரிசைக்கு வரிசை 45 மி.மீ. விடுகிறேன். பொய்தான், ஆனால் ஆட முடிகிறது.

அடுத்த பாடத்தை நண்பனின் குறுவில்லாளர்கள் கற்பித்தார்கள். ஒன்பது பலகையும் கற்களால் நிறைந்திருந்தன, பார்க்க வெகு ஜோர். ஆனால் இடுப்பளவுக் கல் மறைப்புத் தருமே தவிர, பார்வைக் கோட்டை அடைக்காது. ஒரு மூலையில் நின்றவன் மறுமூலை வரைக்கும் பார்த்தான். என் படை மூன்றாவது சுற்றில் முடிந்தது. "மச்சான், இது கல்லறைத் தோட்டமா, கிரிக்கெட் கிரவுண்டா?" என்றான் அவன். அதிலிருந்து பலகைக்கு ஒன்றாவது ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒரு குடும்பச் சமாதி மண்டபம், ஒரு தூபி, இடிந்த மதில், இல்லையென்றால் பட்ட மரம்.

பட்ட மரத்துக்குக் காய்ந்த துளசிச் செடியை மிஞ்ச எதுவும் இல்லை. கிளை பிரியும் விதம் அச்சு அசல் மரம், சின்ன அளவில். அம்மா பார்த்துவிட்டார். "துளசியக் கொண்டுபோய் கல்லறையில நடுவியா?" அதில் நியாயம் இருந்தது. வேலியோரக் காட்டுச்செடிகளின் வேருக்கு மாறினேன். வேரைத் தலைகீழாக நட்டால் இன்னும் பயங்கரமாகவே இருக்கிறது. நீளப் புல்லுக்குத் தென்னை நார். குட்டைப் புல்லுக்கு நிலைமின்சாரத்தால் நார்களை நிமிர்த்தி நிறுத்தும் கருவி ஒன்று உண்டு, விலை அதிகம். கொசு பேட்டைப் பிரித்து, வலைக்குப் பதில் டீ வடிகட்டியைக் கோத்து அதையே செய்துகொள்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நானும் செய்தேன். ஷாக் அடிக்கும், எச்சரித்துவிட்டேன். வீணான டீத்தூளைக் காயவைத்துச் சருகாகத் தூவலாம் என்பார்கள். நன்றாகக் காயாவிட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். என்னுடையது பிடித்தது, நிஜக் கல்லறை வாசனையோடு.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை மூன்று மாதம் படுத்தியது வேறு.

பலகை எப்படித் திரும்பினாலும் பொருந்த வேண்டும் என்பதற்காக, நான்கு ஓரங்களின் சரிபாதியில் மூன்று அங்குல அகலப் பாதை வந்து முட்டும்படி எல்லாப் பலகைகளையும் அமைத்திருந்தேன். மதில்களைப் பலகையில் ஒட்டவில்லை. ஒட்டினால் இரண்டு பலகை சேரும் இடத்தில் இரட்டை மதில் வரும். அவை தனித்துண்டுகள். எல்லாம் கச்சிதம். ஒரு நாள் அடுக்கி முடித்து ஸ்டூல்மேல் ஏறி நின்று பார்த்தபோது, ஏதோ தப்பாகப் பட்டது. கொஞ்ச நேரம் பிடித்தது புரிய. ஒரு பலகையில் கற்கள் வடக்கே பார்த்தன, அடுத்ததில் தெற்கே, இன்னொன்றில் மேற்கே.

கிறிஸ்தவ மரபில் உடலைத் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகக் கிடத்துவார்கள். உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் முகம் கிழக்கு நோக்கியிருக்கும் என்பது நம்பிக்கை. அதனால்தான் இங்கிலாந்தின் பழைய தேவாலய முற்றங்களில் கற்கள் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் போல ஒரே திசையில் வரிசையாக நிற்கின்றன. சாய்ந்திருக்கும், புதைந்திருக்கும், ஆனால் திசை மாறாது. மாடுலர் பலகைக்கோ திசை என்பதே கிடையாது. திசை இல்லாததுதான் அதன் பெருமை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

பலகைகளை நாலு பக்கம் திருப்பாமல் ஒரே திசையில் வைக்கலாம். அப்படியானால் எதற்கு மாடுலர்? கல்லறைகளை ஒட்டாமல் தனித்துண்டாக வைக்கலாம். வைத்துப் பார்த்தேன். சட்டைக் கை பட்டாலே நகர்ந்தது. அதோடு ஒவ்வொரு கல்லறையின் அடித்தட்டும் தரைக்குமேல் தடிப்பாகத் தெரிந்தது, தரையில் பிஸ்கட் வைத்தது போல.

விடை அப்பாவின் பழைய டார்ச் லைட்டில் இருந்தது. தடிமன் பேட்டரி இரண்டு போடுகிற தகர டார்ச். முகப்பையும் அடிமூடியையும் கழற்றினால் மெல்லிய குழாய், உள்விட்டம் சுமார் 35 மி.மீ. அதன் விளிம்பை அரத்தால் கூராக்கி, பலகைமேல் ஒட்டியிருந்த 20 மி.மீ. எக்ஸ்பிஎஸ் அட்டையில் அழுத்தித் திருகினேன். வட்டமாக ஒரு தக்கை வெட்டுப்பட்டுக் குழாய்க்குள் ஏறியது. பின்னாலிருந்து பேட்டரியால் தள்ளினால் வெளியே வந்தது. பிவிசி குழாயிலும் முயன்றேன். அதன் சுவர் தடிமன் என்பதால் குழி பெரிதாகவும் தக்கை சிறிதாகவும் ஆகிவிடுகிறது. தகரத்தில் இடைவெளி மயிரிழைதான், நாலு புல் ஒட்டினால் மறைந்துவிடும். அந்தத் தக்கையின்மேல் கல்லறையைக் கட்டினேன். மண்மேடு 30 மி.மீ. நீளம், 14 அகலம், தலைமாட்டில் கல். குழியில் செருகினால் தரையோடு தரை. களத்தை எப்படி வேண்டுமானாலும் அடுக்கிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு தக்கையையும் குடைக்காளான் போலப் பிடித்துத் திருகினால் போதும், அத்தனை பேரும் கிழக்கே திரும்பிவிடுவார்கள்.

பலகைக்கு ஆறு குழி, மொத்தம் 54. ஆட்டத்துக்கு முன்னால் 54 கல்லறையைத் திருப்புவது பைத்தியக்காரத்தனம் என்று நண்பன் சொன்னான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன்தான் முதலில் உட்கார்ந்து திருப்புகிறான்.

வண்ணத்துக்கு மாதிரி தேடித்தான் கோட்டைக்குப் போனேன். கல் என்றால் சாம்பல் நிறம் என்று அடித்துவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. இணையத்தில் பார்ப்பதெல்லாம் இங்கிலாந்துக் கற்கள், பாசியும் மஞ்சள் பொட்டுகளும். சென்னையில் பிறந்து வளர்ந்தவன் கண்ணால் ஒரு பழைய கல்லறையை நின்று பார்த்ததில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்டது. அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைப் பலகைகள், நிற்கவில்லை, தரையில் பாவியிருக்கின்றன. நடைபாதை மாதிரி. அவற்றில் ஒன்று 1652இல் கப்பலில் வரும்போது இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. இந்தியாவில் இருக்கும் ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள்.

ஏன் பாவியிருக்கிறார்கள் என்ற கதைதான் என் பலகைகளை மாற்றிவிட்டது. முதலில் அந்தக் கற்கள் அங்கே இல்லை. கோட்டைக்கு வெளியே, பிற்பாடு சட்டக் கல்லூரி வந்த இடத்தில், ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. பெரிய பெரிய சமாதிகள், தூபிகள். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, அந்தச் சமாதிகள் முற்றுகையிட்டவர்களுக்கு நல்ல மறைப்பாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்தன, முற்றுகை விலகியது. அதன் பிறகு ஆங்கிலேயர்கள் செய்த காரியம், தங்கள் முன்னோர்களின் சமாதிகளைத் தாங்களே இடித்தது. பெயர் பொறித்த பலகைகளை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அதோடும் விடவில்லை. ஹைதர் அலியோடு போர் மூண்டபோது சில பலகைகளைப் பெயர்த்துப் பீரங்கிகளுக்கு அடியில் போட்டார்கள். தப்பியவற்றில் ஒன்று பழைய சட்டக் கல்லூரி வளாகத்துத் தூபி. ஜோசப் ஹின்மர் என்பவரும் குழந்தை டேவிட் யேலும் அங்கே அடக்கம். குழந்தையின் தந்தைதான் மதராஸ் ஆளுநராக இருந்த எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர்.

அந்தப் பலகைகள்மேல் நின்றுகொண்டு, கிழக்கு எந்தப் பக்கம் என்று தேடினேன். கீழே யாரும் இல்லாத கல்லுக்குக் கிழக்கு எது, மேற்கு எது?

கல்லறைத் தோட்டம் போர்க்களமாவது புதிதில்லை. 1807இல் ஐலாவில் பிரெஞ்சுக்காரர்களும் ரஷ்யர்களும் பனியில் இடுகாட்டுக்காகவே மோதினார்கள். 1871 மே மாதக் கடைசியில் பாரிஸ் கம்யூனின் இறுதிச் சண்டை பெர் லஷேஸ் கல்லறைகளுக்கு நடுவே நடந்தது. பிடிபட்ட 147 பேரை அங்கேயே மதிலோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஊர் ஓரம், மதில், சற்று மேடு, ஒளிந்துகொள்ளக் கல். டெரெய்ன் செய்கிறவன் யோசித்துச் சேர்க்கும் எல்லாமே அங்கே தயாராக இருக்கிறது. ஆனால் அதெல்லாம் எங்கோ. இது நான் பஸ் மாறும் பாரிமுனை.

வீட்டுக்கு வந்து மூன்று பலகைகளை மாற்றினேன். கோதிக் சிலுவைகளை எடுத்துவிட்டு, செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய தூபிகள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் செங்கல் எட்டிப் பார்க்கும்படி ஊசியால் கோடு. நிறமும் மாறியது. அடியில் கறுப்பு, மேலே காவி கலந்த அடர்பழுப்பு, அதன்மேல் நீலச்சாயல் கொண்ட கருஞ்சாம்பலை உலர்தூரிகையில். பல்லாவரம் பக்கத்துக் கல்லின் நிறம். அந்தக் கல்லுக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்குக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல் இங்கிருந்து போன கல் என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். ஒரு கல்லறை, ஒரு பாறைக்கே பெயர் கொடுத்திருக்கிறது. அதை என்னுடைய எக்ஸ்பிஎஸ் துண்டில் கொண்டுவர நான்கு தடவை அடித்துத் துடைத்தேன், இன்னும் முழுசாக வரவில்லை.

இப்போது ஆடுவது நாங்களே வகுத்துக்கொண்ட ஒரு ஆட்டம். நண்பன் லாலி, நான் கோட்டை. வரலாற்றில் முற்றுகை முடிந்த பிறகு இடித்தார்கள். முன்பே இடித்திருந்தால்? ஆட்டம் தொடங்குமுன் நான் எத்தனை சமாதியை வேண்டுமானாலும் பிடுங்கலாம். ஆனால் பிடுங்கும் ஒவ்வொரு மூன்று தக்கைக்கும் என் படையில் ஒரு ஆள் குறைவு, இடிக்கப் போனவன் திரும்பவில்லை என்று கணக்கு. முதல் தடவை ஆசைப்பட்டுப் பதினெட்டைப் பிடுங்கினேன். களம் வெட்டவெளியானது, சுடுவதற்குத்தான் என்னிடம் ஆள் இல்லை. இரண்டாம் தடவை ஒன்றையும் தொடவில்லை. தூபிகளின் பின்னாலிருந்து தலையை நீட்டாமலே அடித்தான். மூன்றாவதில் ஆறு பிடுங்கினேன், டிரா மாதிரி முடிந்தது. விதியை இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது.

பிடுங்கிய இடத்தில் குழி வாய் திறந்து நிற்பதுதான் பார்க்கச் சங்கடம். பொம்மையும் அதில் கவிழ்கிறது. அடைக்க வெறும் புல்தரைத் தக்கைகள் பதினெட்டு வெட்ட வேண்டும். டார்ச்சின் விளிம்பு மழுங்கிவிட்டது. போதாததற்கு, போன வாரம் கரன்ட் போனபோது அப்பா அதைத் தேடினார்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். அந்த வாசல்தான் அடுத்த வேலை. மோர்டைமுக்கு வாங்கிய பெட்டியில் ஒட்டாத எலும்புக்கூடு இரண்டு மிச்சம் இருந்தன, எடுத்து வைத்திருக்கிறேன். பூஜை அறை அலமாரிக்குக் கீழ்த்தட்டில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.